மூன்றாம் மெஷினில் இருந்த ஆமை

மார்ச் 4, திங்கள்

ஆமை இன்றைக்கும் செத்துச் செத்துப் பிழைத்தது.

ஆமை என்பது சித்தி வைத்த பெயர். சித்தியின் நெட் கடையில் ஆறு மெஷினிலும் இருக்கிற பழைய பிரவுசர். நீலச் சின்னத்தைத் தட்டினால் உடனே திறக்காது, கொஞ்சம் யோசிக்கும். வக்கீல் குமாஸ்தா வழக்குத் தேதி பார்க்க உட்கார்ந்தார். பக்கம் பாதி வந்து நின்றுவிட்டது. மேலே ஒரு மஞ்சள் பட்டை: 'உங்கள் பிரவுசர் மிகவும் பழையது. சில வசதிகள் இயங்காது.'

"என்னம்மா இது, என்னைச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார்.

சித்தி கல்லாவில் இருந்தபடியே, "உங்களுக்காவது மாத்து மருந்து இருக்கு சார். இதுக்கு அதுவும் இல்ல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வயரைச் சரிசெய்வதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டேன். நாலு பேர் சிரிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சித்தி இன்று ஒன்று சொன்னாள். "உனக்குத்தான் இதெல்லாம் புரியுதே. எந்தப் பிரவுசர் நல்லா ஓடுதுன்னு பார்த்துச் சொல்லு. நீ சொல்றதையே எல்லாத்துலயும் போட்ருவோம்."

நான் சொல்வதையே! பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வருஷத்தில் யாரும் என்னிடம் எது நல்லது என்று கேட்டதில்லை. அம்மாகூட, 'இது போதுமா' என்றுதான் கேட்பாள்.

மார்ச் 7, வியாழன்

ஒன்றாம் மெஷினில் புதிதாக இரண்டு பிரவுசர் இறக்கினேன். ஒன்றின் சின்னம் வட்டம், இன்னொன்றின் சின்னம் இலை. மூன்றையும் ஓட்டப் பந்தயத்தில் விட்டாயிற்று. நடுவர் என் போன் கடிகாரம்.

வட்டம்தான் வேகம். தட்டிய விரலை எடுப்பதற்குள் செய்திப் பக்கம் வந்து நிற்கிறது. ஆனால் பக்கம் கூடக் கூட மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது, உள்ளே ஃபேன் மிக்ஸி மாதிரி இரைகிறது. இலை சத்தமே போடாமல் வேலை செய்கிறது. விளம்பரங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் பஸ் டிக்கெட் பக்கத்தில் பணம் கட்டும் பட்டனையும் விளம்பரம் என்று நினைத்து மறைத்துவிட்டது. ரொம்ப நல்லவர்களிடம் உள்ள கஷ்டம்.

ஆமை கடைசி. ஆனால் ஒன்று. கரண்ட் போய் வந்தால், விட்ட இடத்தை ஆமைதான் தானாக ஞாபகம் வைத்துத் திறக்கிறது. மற்ற இரண்டும் சொல்லி வைத்தால்தான் செய்யும்.

மார்ச் 8, வெள்ளி

கனமான பக்கத்தில் சோதித்தால்தான் உண்மை தெரியும். அதனால் பட்டன் அக்கா படம் வரையும் பக்கத்தை மூன்றாம் மெஷினில், ஆமையில், திறந்து பார்த்தேன். அவள் வரைந்த படங்கள் ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, திரை இறங்குவதுபோல வந்தன. நேரத்துக்கு அத்தாட்சியாகத் திரையை அப்படியே ஒரு படம் பிடித்து, ஒன்றாம் மெஷினில் மற்றச் சோதனைப் படங்களோடு போட்டு வைத்தேன்.

பட்டன் அக்கா எதிர்க் கடையில், தையல் மாஸ்டரிடம் வேலை செய்கிறாள். பட்டன் கட்டுவது, ஓரம் மடிப்பது. அங்கே வேலை முடிந்ததும் சாலையைத் தாண்டி இங்கே வந்து ஜன்னலோரத்து மூன்றாம் மெஷினில் உட்காருவாள். குழந்தைகள் உடுப்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் படம் வரைகிற வேலை இருக்கிறதாம். பன்னிரண்டு படம் வரைந்து இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்.

"மாஸ்டர்கிட்டயே இருந்தா அறுபது வயசுலயும் நான் பட்டன்தான் டி" என்பாள்.

அவள் வரைகிற எல்லா உடுப்பிலும் ஒரு பெரிய பை இருக்கும். தவளை வாய் மாதிரி ஒரு பை. தபால் பெட்டி மாதிரி ஒன்று. மழைக்கோட்டில் மேகம் மாதிரி ஒன்று. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "எல்லாக் கொழந்தைக்கும் ஒளிச்சு வைக்க ஏதாவது இருக்கும்ல?"

என்னிடம் பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காத ஒரே ஆள் அவள்தான். முதல் நாளே சொல்லிவிட்டாள். "நீ பேசவே வேணாம். தலையாட்டு, போதும். நான் புரிஞ்சுக்கறேன்."

மார்ச் 9, சனி

மூன்றாம் மெஷினைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும்.

கடை மூடுவதற்கு முன் ஒவ்வொரு மெஷினையும் துடைப்பது என் வேலை. துணியால் இல்லை. யார் எந்தப் பக்கம் பார்த்தார்கள், எந்தக் கணக்கில் நுழைந்தார்கள், எல்லாத் தடயமும் போக வேண்டும். ஒருவர் தன் மெயிலை மூடாமல் எழுந்து போய், அடுத்து உட்கார்ந்தவர் அதைப் படித்து, கடை வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சித்தியின் சட்டம்: 'எல்லாக் கட்டத்துலயும் டிக் போடு. அழி. யோசிக்காத.' இப்போது என் கை யோசிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் செய்யும்.

மூன்றாம் மெஷினை மட்டும் விட்டுவிடுகிறேன். சித்திக்குத் தெரியாது. பட்டன் அக்காவின் படங்கள் அந்த வலைத்தளத்தில் எங்கேயோ பத்திரமாக இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை. அவள் அங்கே கணக்கே திறக்கவில்லை. படங்கள் எல்லாம் இந்த மெஷினில், ஆமையின் வயிற்றுக்குள் இருக்கின்றன. நான் ஒருநாள் துடைத்தால் போச்சு.

அவளிடம் சொல்லி, ஒவ்வொன்றையும் தனியாக இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். இன்று சொல்ல நினைத்தேன். தவளைக்குக் கண் வைப்பதில் மும்முரமாக இருந்தாள். நாளைக்குச் சொல்லலாம்.

மார்ச் 12, செவ்வாய்

என் அட்டவணையைச் சுவரில் ஒட்டினாள் சித்தி! வேகம், சத்தம், விளம்பரம், படிவம், டவுன்லோடு பாதியில் நின்றால் தொடருமா... எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தேன். குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"யாரும்மா போட்டது? எங்க ஆபீசுக்கும் ஒண்ணு போட்டுக் குடுக்கச் சொல்லு."

"எங்க வீட்டுப் பேசாமடந்தைதான். வாய்தான் திறக்காது, வேலை எல்லாம் சுத்தம்" என்றாள் சித்தி.

முகம் சூடாகிவிட்டது. ஆனால் இந்த முறை குனியவில்லை. பட்டன் அக்கா மூன்றாம் மெஷினில் இருந்து திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

படத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

முடிவாகிவிட்டது. எல்லாவற்றிலும் வட்டம். ஆமையை அடியோடு எடுத்துவிட வேண்டும், இரண்டும் இருந்தால் ஆட்கள் பழைய பழக்கத்தில் அதையே தட்டுவார்கள் என்கிறாள் சித்தி. நாளைக் காலை வேலை.

மூன்றாம் மெஷினுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். வட்டம் முதலில் திறக்கும்போதே கேட்கிறது: 'பழைய பிரவுசரில் உள்ளவற்றை இங்கே கொண்டுவரட்டுமா?' ஆம் என்று கொடுத்தால் எல்லாம் வந்துவிடும். பட்டன் அக்கா சாயங்காலம் வருவாள். தட்டுவாள். படங்கள் திரை இறங்குவதுபோல வராது, படக்கென்று மொத்தமாக வந்து நிற்கும். அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். சொல்லவே கூடாது. தானாகத் தெரியட்டும்.

மார்ச் 15, வெள்ளி

போச்சு.

எல்லாம் போச்சு. கொண்டுவரட்டுமான்னு கேட்டுச்சு, ஆமான்னு குடுத்தேன். 'முடிந்தது'ன்னு வந்துச்சு. அவளோட பக்கத்தை உடனே திறக்கப் போட்டு வச்சிருந்த நட்சத்திரக் குறியும் மேல வந்து உக்காந்துடுச்சு. அதைப் பார்த்ததும் எல்லாம் வந்துடுச்சுன்னு நெனச்சுட்டேன். திறந்து பார்த்திருக்கலாம்ல? ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல? ஏன் பார்க்கலை?

ஆமையை எடுக்கும்போது ஒரு பெட்டி வந்தது. 'இதில் சேமித்தவற்றையும் அழிக்கவா?' பக்கத்தில் ஒரு கட்டம். காலியாகத்தான் இருந்தது. என் கை டிக் போட்டது. நான் போடவில்லை, என் கை போட்டது. தினம் போடுகிற டிக். யோசிக்காத டிக்.

நட்சத்திரத்தைத் தட்டினேன். பக்கம் உடனே வந்தது, அவ்வளவு வேகம். வெள்ளையாக இருந்தது. 'புதிய படம் தொடங்குக' என்றது.

மார்ச் 15, வெள்ளி, மறுபடியும்

எழுதித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் வந்தாள். கையில் ஒரு துண்டுத் துணி, ஏதோ நிறம் காட்டுவதற்காக. மெஷினைப் பார்த்ததும், "அட, புதுசா!" என்றாள். தட்டினாள். வெள்ளை. மறுபடியும் தட்டினாள். அப்புறம் மூடித் திறந்தாள். நான் கல்லாப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சித்தி இல்லை, பிரிண்டருக்கு மை வாங்கப் போயிருந்தாள்.

"ஏய், இங்க வாயேன். என் படம் எல்லாம் எங்க டி?"

போனேன். நின்றேன்.

"நேத்து நான் கடைசியா என்னமோ அமுக்கினேன். ஒரு பெட்டி வந்துச்சு, இங்கிலீஷ்ல. படிக்காமலே சரின்னு குடுத்தேன். அதுலதான் போயிடுச்சா? நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேனா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை அக்கா, நான்தான். மூன்றே சொல். அதற்குப் பதில் என் தலை ஆடியது. ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல். நான் எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் புரிந்துகொள்கிறவள் ஆயிற்றே. புரிந்துகொண்டாள்.

"ச்சே. என் கையை ஒடைக்கணும்" என்றாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். அப்புறம் என் கையில் ஒரு தட்டுத் தட்டி, "நீ ஏன் டி இப்படி மூஞ்சிய வச்சிருக்க? போனது என்னோடதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துணியை மெஷின் மேலேயே விட்டுப் போய்விட்டாள். இளமஞ்சள். மழைக்கோட்டுக்கு நினைத்திருப்பாள்.

மார்ச் 16, சனி

அவள் வரவில்லை.

மார்ச் 18, திங்கள்

ஒன்பதாம் வகுப்பில், ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. நான் உடைக்கவில்லை. டீச்சர், 'யார்?' என்று கேட்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். வாய் வரவில்லை. 'பேசாம நிக்கிறதே ஒரு பதில்தான்' என்றார். மறுநாள் வயிற்றுவலி என்று போகவில்லை. அதற்கு அடுத்த நாளும். அப்புறம் போகவே இல்லை. அம்மா கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

அன்று பேசாததால் செய்யாத தப்பு என் தலையில் விழுந்தது. இப்போது பேசாததால் நான் செய்த தப்பு இன்னொருத்தி தலையில். வாய் ஒன்றுதான். எந்தப் பக்கம் மூடினாலும் யாருக்கோ அடி.

மார்ச் 19, செவ்வாய்

அழிந்ததைத் திரும்ப எடுக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, காலையில் இருந்து மூன்றாம் மெஷினைத் தோண்டினேன். யாரோ பார்த்த கிரிக்கெட் படங்கள், கல்யாணப் பத்திரிகையின் பாதி, பெயர் தெரியாத ஒரு குழந்தையின் முகம். எல்லாம் வந்தது. தவளை வரவில்லை.

சித்தி பின்னால் வந்து நின்று, "அதுல என்ன டி புதையலா எடுக்கற?" என்றாள். தலையாட்டினேன். தலையாட்டுவதை நிறுத்த வேண்டும்.

மார்ச் 20, புதன்

இன்னும் நாள் இருக்கிறது. இன்று சொன்னால்கூட அவள் உட்கார்ந்து வரையலாம். சாலையைத் தாண்டினேன். தையல் கடை முழுக்கப் பள்ளிச் சீருடை, மலைபோல. மாஸ்டர் கழுத்தில் அளவு நாடாவோடு, "என்னம்மா வேணும்?" என்றார். அவள் தையல் மெஷினுக்குப் பின்னால், வாயில் நூலோடு உட்கார்ந்திருந்தாள்.

நான் என் சட்டையில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினேன். அது நன்றாகத்தான் இருந்தது.

அவள் எழுந்து வந்து, போட்டிருந்தபடியே அதைப் பிரித்து, மறுபடியும் கட்டிக் கொடுத்தாள். "இனிமே பிடுங்கினாலும் வராது" என்றாள். மாஸ்டர் சிரித்தார். "இவ ஒரு வாரமா கம்ப்யூட்டர் பக்கம் போறதில்ல. சொன்னேன்ல, நம்ம கைக்கு ஊசிதான்னு. கேட்டாத்தானே."

அவள் குனிந்து அடுத்த சட்டையை எடுத்தாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். அது என்னுடையது.

மார்ச் 25, திங்கள்

இருபத்தைந்து.

நாள் முழுக்கக் கடை நிரம்பி வழிந்தது. வட்டம் நன்றாக ஓடுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். கடை மூடும்வரை ஜன்னலோரத்தில் யாரும் உட்காரவில்லை.

மார்ச் 28, வியாழன்

அட்டவணையைச் சுவரில் இருந்து எடுத்துவிட்டேன். 'ஏன் டி, நல்லாத்தானே இருந்துச்சு' என்றாள் சித்தி. வேகத்துக்கு மதிப்பெண் போட்டேன், சத்தத்துக்குப் போட்டேன். உள்ளே யாருடையதாவது இருக்கிறதா என்று பார்க்க ஒரு கட்டம் போட்டேனா?

ஏப்ரல் 2, செவ்வாய்

கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதுவும் பாதி.

ஒன்றாம் மெஷினில் என் பழைய சோதனைப் படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். வேகத்தை அளக்கத் திரையைப் பிடித்த படங்கள். அதில் ஒன்றில் மழைக்கோட்டு. ஆமை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தபோது பிடித்தது. கழுத்துப்பட்டை இருக்கிறது. தோள் இருக்கிறது. மேகப் பையின் மேல் பாதி இருக்கிறது. அதற்குக் கீழே சாம்பல் நிறம்தான். மூலையில் மெஷின் கடிகாரம் அந்த நேரத்திலேயே நிற்கிறது.

அது அவ்வளவு மெதுவாக இருந்ததால்தான் நான் அதைப் படம் பிடித்தேன். வட்டம்போல வேகமாக இருந்திருந்தால் இதுகூட இருந்திருக்காது.

நல்ல தாளில் பிரிண்ட் எடுத்தேன்.

ஏப்ரல் 3, புதன்

சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் போனேன். தாளை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் முதலில் மலர்ந்தது. "ஐயோ, இது எங்க டி கிடைச்சுது?"

"நான்தான் அழிச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "நீங்க எதையும் தப்பா அமுக்கலை. பழசை எடுக்கும்போது நான்தான் டிக் போட்டேன். அன்னிக்கே தெரியும்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அப்ப நான் இல்லையா?"

"இல்ல."

ஒரு நிமிஷம் அவள் முகத்தில் ஏதோ பாரம் இறங்கியதுபோல இருந்தது. சிரிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் கோபம் வந்தது.

"பத்து நாள் இருந்துச்சு டி. பத்து நாள். படம் போனதுக்கு நான் அழலை. படம் என் தலைக்குள்ள இருந்துச்சு. உக்காந்தா வரைஞ்சிருப்பேன். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் வராது, நான் எதைத் தொட்டாலும் கெடுத்துடுவேன்னுல்ல விட்டுட்டேன்? மாஸ்டர் சொல்றதுதான் சரின்னுல்ல உக்காந்துட்டேன்? ஒரு வார்த்தை. அன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

நான் தலையாட்ட ஆரம்பித்தேன்.

"ஆட்டாத" என்றாள். "தலைய ஆட்டாத."

தாளை மடிக்காமல் மேசை இழுப்பறையில் வைத்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 4, வியாழன்

சித்தியிடமும் சொன்னேன், மூன்றாம் மெஷினைத் துடைக்காமல் விட்டதில் இருந்து எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். "இத்தனை நாளா இத வயித்துல வச்சுக்கிட்டா சோறு எங்க டி இறங்கும்?" என்றாள். அவ்வளவுதான்.

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் இன்னொரு நெட் கடையில் அவளைப் பார்த்ததாக அம்மா சொன்னாள். ஜன்னலோரமா என்று கேட்டேன். அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மே 13, திங்கள்

இளமஞ்சள் துணி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாம். எதற்குக் கொடுப்பது?

ஜூன் 6, வியாழன்

இப்போதெல்லாம் கடை மூடும்போது டிக் போடுவதற்கு முன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். கட்டங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். அதனால் தாமதமாகிறது. சித்தி சாவியை ஆட்டிக்கொண்டே, "ஆமை போச்சுன்னு பார்த்தா நீ ஆயிட்டியே டி" என்கிறாள்.

ஜூலை 16, செவ்வாய்

காலையிலேயே ஆறு மெஷினிலும் ஒரே செய்தி: 'புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றவா?' மாற்றாவிட்டால் வரி கட்டும் பக்கம் திறக்காது என்று இரண்டு பேர் வந்து சொல்லிவிட்டார்கள். கடையில் ஆட்கள் இருக்கும்போதே செய்ய வேண்டியதாயிற்று.

ஒன்றாம் மெஷினில் இருந்து தொடங்கினேன். உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன். "இதுல உங்களோடது ஏதாவது சேமிச்சிருக்கீங்களா? மாத்தினா போயிடலாம். இருந்தா எடுத்துத் தர்றேன்." இல்லை என்றார். இரண்டாம் மெஷினில் குமாஸ்தா. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார். "என்னம்மா, சிலை பேசுது!" சித்தி, "கொஞ்ச நாளாவே பேசுது சார். நிறுத்தத்தான் ஆள் தேடறேன்" என்றாள். மூன்றில் யாரும் இல்லை. நாலில் ஒரு கல்லூரிப் பையன்.

ஐந்தில் பட்டன் அக்கா.

எப்போது வந்தாள் என்று தெரியாது. சித்தியிடம் நேரம் சொல்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் நிலையத்துக் கடையை மூடிவிட்டார்களாம், அப்புறம்தான் சித்தி சொன்னாள். திரையில் ஒரு சின்னச் சட்டை, பாதி வரைந்தது. பை இன்னும் வைக்கவில்லை.

மற்றவர்களிடம் கேட்டதுபோலவே அவளிடமும் கேட்டேன். குரல் வந்தது. "இதுல உங்களோடது ஏதாவது இருக்கா அக்கா?"

அவள் திரும்பவில்லை. கழுத்தில் தையல் நூலைத் திரித்துக் கட்டிய ஒரு பென் டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டனையும் சேர்த்துக் கோத்திருந்தாள். அதை எடுத்து மெஷினில் செருகினாள். சட்டை அதற்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடுங்கி, மறுபடியும் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "எல்லாம் எங்கிட்டயே இருக்கு. நீ மாத்திக்க."

அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தாள். நான் உட்கார்ந்தேன். பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெட்டி வந்தது, கட்டங்களைப் படித்தேன், ஒன்றிலும் டிக் போடவில்லை. புதியது திறந்தது. வேகமாகத்தான் இருந்தது. நேரம் பார்க்கவில்லை.